அப்புறம் டீச்சர்

கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பேன்ட் பைக்குள் போட்டாகிவிட்டது. இனி வாளி. மைதானத்து ஓரத்தில் கிடக்கும் நீல பிளாஸ்டிக் வாளியைக் காலாலேயே உருட்டிக்கொண்டு வந்து, கவிழ்த்து, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்காருகிறார் டீச்சர். சுற்றி முப்பத்தாறு பிள்ளைகள், மூச்சு வாங்க, மண் அப்பிய முழங்கால்களோடு வட்டமாக உட்காருகிறார்கள். சற்று முன்புதான் மூன்று நீளப் பெஞ்சுகளின் மேல் ஏறி நின்று, வாயைத் திறக்காமல், கீழே கால் வைக்காமல், பிறந்த மாத வரிசைப்படி இடம் மாறி நிற்கும் விளையாட்டை ஒருவழியாக முடித்திருக்கிறார்கள்.

"சரி. என்ன நடந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு டீச்சர்" என்கிறான் ஒருவன், பழக்க தோஷத்தில்.

டீச்சர் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் காற்றடிக்கும் பம்பை நோக்கி விரலை மட்டும் நீட்டுகிறார். பையன் தலையைச் சொறிந்துகொண்டே எழுந்து போகிறான். இந்த வட்டத்தில் 'நல்லா இருந்துச்சு', 'சூப்பர்', 'ஜாலி' மூன்றுக்கும் தடை. சொன்னவர் ஒரு பந்துக்குக் காற்றடித்துவிட்டு வந்துதான் உட்கார வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பந்துகள் வருஷம் முழுக்கக் கல் மாதிரி இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

"செப்டம்பர்ல நாங்க நாலு பேரு டீச்சர்" என்று ஒரு பெண் ஆரம்பிக்கிறாள். "யாரு முன்னாடின்னு தெரியல. நான் விரலைக் காட்டினேன். இவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா."

"அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?"

"கோவம் வந்துச்சு."

"அப்புறம்?"

"விழப் போனேன். இவதான் என் சட்டையப் பிடிச்சு நிறுத்தினா. கோவம் போயிடுச்சு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் டீச்சர்."

"அவ்வளவுதானா?"

பெண் பக்கத்தில் இருப்பவளை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு தரையைப் பார்த்துச் சொல்கிறாள். "இவ பேரு எனக்கு இன்னும் தெரியாது டீச்சர்."

இரண்டு பேரும் ஒரே வகுப்பில் ஒன்றரை மாதமாகப் படிக்கிறார்கள். இதை வெளியே கொண்டுவரத்தான் மூன்று பெஞ்சும் நாற்பது நிமிஷ வெயிலும் தேவைப்பட்டன. பேரைக் கேட்டுச் சொன்னபின் இருவரும் சிரித்தார்கள்; வட்டம் அடுத்த ஆளுக்கு நகர்ந்தது.

விளையாட்டு ஆசிரியைக்கு 'அப்புறம் டீச்சர்' என்ற பேர் எப்படி வந்தது என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். அவருக்கும் அது தெரியும், வருத்தம் இல்லை. "முன்னாடி 'விசில்'னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. இது பரவாயில்ல, ஒரு அர்த்தம் இருக்கு" என்பார். நாற்பத்தேழு வயது. நடையில் மட்டும் இருபது குறையும். கழுத்தில் விசில், தோளில் துண்டு, வலது புருவத்தில் எந்தக் காலத்திலோ பந்து பட்டுக் கிழிந்த தழும்பு. ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்க வைப்பது பெரிய காரியம் இல்லை என்று நினைப்பவர். ஓடி முடித்துத் தோற்றவனும் ஜெயித்தவனும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்க வைப்பதுதான் வித்தை என்பது அவர் கட்சி.

அந்த வித்தைக்கு அவரிடம் சில சட்டங்கள் உண்டு. வட்டத்தில் 'யார்' என்று கேட்கக் கூடாது, 'ஏன்' என்று கேட்கக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் ஓய்வறையில் இதைப் பற்றிக் கேட்டபோது, டீ டம்ளரைக் கீழே வைக்காமலேயே விளக்கினார். "'யார் விட்டது'ன்னு கேட்டா விரல் நீளும் சார். 'ஏன் விட்டே'ன்னு கேட்டா பொய் வரும். 'என்ன நடந்துச்சு'ன்னு கேட்டுப் பாருங்க, கதை வரும்."

இன்னொரு சட்டம், மௌனத்தில் கை வைக்கக் கூடாது. கேள்வி கேட்டு யாரும் பேசவில்லை என்றால் மற்ற ஆசிரியர்களுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும். பதிலைத் தாங்களே சொல்லிவிட்டு நகர்வார்கள். அப்புறம் டீச்சரோ குனிந்து ஷூ நாடாவை அவிழ்ப்பார். நிதானமாக மறுபடி கட்டுவார். அதற்குள்ளும் யாரும் வாய் திறக்கவில்லையென்றால் அடுத்த ஷூ. இரண்டு ஷூவும் முடிந்து மூன்றாவது முறை குனிந்ததாக இதுவரை சரித்திரம் இல்லை. கடிகாரம் பைக்குள் போவதும் இதற்காகத்தான். "நான் மணி பார்த்தா, அவன் சொல்ல வந்தத சுருக்கிடுவான்" என்பார்.

ஆனாலும் மணி அடிப்பதற்கு அரை நிமிஷம் முன்னால் வட்டம் கலைந்துவிடும். இதில் அவருக்கு உள்ள பெருமைக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் கையெழுத்திட்டவர் கணக்கு வாத்தியார்.

பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை இழுத்து மூடி, அதில் படித்தவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த வருஷம் இது. எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் பழையவர்கள், பாதிப் பேர் வந்தவர்கள். வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு கிழித்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். கோட்டை அழிக்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் போய் நின்றவர் அப்புறம் டீச்சர். வாரம் இரண்டு முறை விளையாட்டு, அது முடிந்ததும் உட்கார்ந்து பேசப் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்தைக் கணக்குப் பாடத்திலிருந்துதான் வெட்ட வேண்டியிருந்தது. கணக்கு வாத்தியார் சும்மா விடுவாரா?

"பதினஞ்சு நிமிஷத்துல நான் மூணு கணக்கு போட்டுடுவேன் மேடம்."

"போடுவீங்க சார். பையன் பக்கத்துல இருக்கறவன் பேரு தெரியாம போடுவான்."

"பேரு தெரிஞ்சா மார்க் வருமா?"

தலைமையாசிரியை நடுவில் புகுந்து, முதல் பருவம் முடியும் வரை நடத்திப் பார்க்கலாம், பிறகு நேரில் வந்து பார்த்து முடிவு செய்கிறேன் என்றார். டீச்சரும் தன் பங்குக்கு வீரம் பேசிவிட்டார். மணி அடித்த பிறகு ஒரு நிமிஷம் தாண்டினாலும் மொத்தப் பதினைந்தையும் கணக்குக்கே திருப்பித் தந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து கணக்கு வாத்தியார் மைதானத்துப் படியில் சாக்பீஸ் டப்பாவோடு வந்து நின்று, தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வீட்டிலும் டீச்சர் சும்மா இருப்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று பேர் உட்கார்ந்தால் அது மூன்று பேர் வட்டம். கல்லூரிக்குப் போகும் மகளிடம் "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்பார். மகள் வேண்டுமென்றே "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, தண்டனையாகத் தண்ணீர் பாட்டில்களை நிரப்ப எழுந்து போவாள். அவளுக்குக் கேள்வியைவிடப் பாட்டில் சுலபம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சில் மகா சிக்கனம். "ஒரு லிஃப்ட் நின்னுச்சு. ஓட்டிவிட்டேன். இதுக்கு மேல அப்புறம் கிப்புறம்னு கேட்டா நான் படி வழியா இறங்கிடுவேன்" என்பார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். டீச்சருக்குச் சறுக்கியது, தலைமையாசிரியை நேரில் பார்க்க வந்த அன்று.

மூடிய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களில் ஓர் உயரமான பெண் உண்டு. வகுப்பிலேயே உயரம் அவள்தான். அதை மறைக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். விளையாட்டில் எல்லாம் செய்வாள், வட்டத்தில் மட்டும் வாய் திறக்க மாட்டாள். டீச்சர் அவசரப்படவில்லை. ஒருநாள் பந்து அறையில் வலைகளை மடித்து வைக்க உதவிக்கு வந்தவள், மடித்துக்கொண்டே தானாகச் சொன்னாள்.

"சாப்பாட்டு நேரத்துல எனக்குக் கூட உக்கார ஆள் இல்ல டீச்சர். தனியா இருக்கேன்னு தெரியக் கூடாதுல்ல, அதனால பைக்குள்ள எதையோ தேடற மாதிரி தேடிக்கிட்டே இருப்பேன். மணி அடிச்சதும் மூடிடுவேன்."

டீச்சர் அன்று 'அப்புறம்' கேட்கவில்லை. வலையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பை அவர் கண்ணிலேயே நின்றது.

மறுவாரம் தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கணக்கு வாத்தியார். விளையாட்டு நன்றாகப் போனது, வட்டம்தான் படுத்துவிட்டது. பெரியவர்களைப் பார்த்ததும் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். "ஒற்றுமையே பலம் டீச்சர்" என்றான் ஒருவன். "விட்டுக்கொடுக்கக் கத்துக்கிட்டோம்" என்றாள் இன்னொருத்தி. கணக்கு வாத்தியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம். டீச்சர் ஒரு ஷூவைக் கட்டி முடித்தார். மௌனம். இரண்டாவது ஷூவையும் கட்டினார். அப்போதும் மௌனம். இருபத்திரண்டு வருஷ அனுபவம், ஒரு பருவத்து உழைப்பு, எல்லாம் கண் முன்னால் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வாய் முந்திக்கொண்டது. உயரமான பெண்ணைப் பார்த்து, "நீ சொல்லும்மா. சாப்பாட்டு நேரத்துல பைக்குள்ள தேடற மாதிரி நடிப்பேன்னு எங்கிட்ட சொன்னியே, அதைச் சொல்லு" என்றார்.

பெண் முகம் வெளுத்தது. "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆனால் தலைமையாசிரியை அசந்துபோனார். ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் மனம் விட்டுப் பேசியிருக்கிறதே என்று எழுந்து வந்து டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வருஷம் முழுக்க நடத்துங்க" என்று அங்கேயே உத்தரவும் ஆகிவிட்டது. டீச்சர் அன்று மாலை விசிலை ஊதிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார் என்று சொன்னால் அது பொய்யில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், உயரமான பெண் பையைத் திறந்தபோது, பழையவர்களில் ஒரு துடுக்குப் பையன் போகிற போக்கில் கேட்டான். "என்ன, தேடினது கெடச்சுதா?" நாலு பேர் சிரித்தார்கள். அந்த வாரமே அவள் வட்டத்திலிருந்து விலகினாள். விளையாடுவாள், டீச்சர் வாளியை உருட்டும் சத்தம் கேட்டதும் குழாயடிக்குப் போய்விடுவாள். அங்கே நின்று கை கழுவுவாள், முகம் கழுவுவாள், மறுபடி கை கழுவுவாள். பதினைந்து நிமிஷமும் கழுவுவாள்.

டீச்சருக்கு விஷயம் புரிய ஒரு பார்வை போதுமாக இருந்தது. முப்பத்தைந்து பேர் உட்கார்ந்த வட்டத்தில் ஒரு ஆள் இடம் காலியாகவே இருந்தது. யாரும் நகர்ந்து அதை அடைக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். "வர்றேன் டீச்சர்" என்பாள், வர மாட்டாள். பந்து அறைக்கு உதவிக்குக் கூப்பிட்டார். தனக்குப் பதிலாக ஒரு தோழியை அனுப்பியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், அவளுக்கு அனுப்பத் தோழி இல்லை. அவளே வந்தாள், வலையை மடித்தாள், போனாள். எந்தப் பிள்ளைக்காக இந்தப் பதினைந்து நிமிஷத்தைச் சண்டை போட்டு வாங்கினாரோ, அந்தப் பிள்ளையை விற்றுத்தான் அதை நிரந்தரமாக்கியிருக்கிறோம் என்பது டீச்சரின் நெஞ்சைப் போட்டு அறுத்தது.

சாப்பாட்டு மேஜையில் அவர் கேள்வி கேட்பது நின்றது. மூன்றாம் நாள் மகளே பொறுக்காமல் அப்பாவைப் பார்த்து, "இன்னைக்கு என்ன நடந்துச்சுப்பா?" என்றாள். மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரும் வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார்.

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒரு பொண்ணு. வாட்ச்மேன் மேல கதவத் திறந்து வெச்சுக்கிட்டு, 'கையக் குடும்மா, தூக்கிவிடறேன்'னு குனிஞ்சு கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். அது வரமாட்டேங்குது. எப்படி வரும்? கால் தவறினா கீழ இருக்கற இடைவெளியில போயிடும்."

"அப்புறம்?" என்றாள் மகள்.

"அப்புறம் என்ன? மேல நின்னு கை நீட்டற வேலையே கூடாது. முதல்ல மோட்டாரக் கையால சுத்தி, லிஃப்ட்ட தரைக்குச் சமமா இறக்கினேன். கதவத் திறந்தேன். அதுவே நடந்து வந்துடுச்சு."

டீச்சர் தட்டில் கையை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன?" என்றார் அவர். "ஒண்ணும் இல்ல" என்றார் டீச்சர். மகள் தண்ணீர் பாட்டிலை எடுத்து அம்மா முன்னால் நீட்டினாள். வீட்டில் 'ஒண்ணும் இல்ல'வுக்கும் அதே தண்டனைதான்.

அடுத்த விளையாட்டு நாளில் கயிறு. முப்பத்தாறு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரே நீளக் கயிற்றைப் பிடித்தபடி, பேசிப் பேசியே அதைச் சதுரமாக்க வேண்டும். மூன்று மூலை அழகாக விழுந்தது. நாலாவது மூலையில் யாரோ கயிற்றை விட்டுவிட்டார்கள். மொத்தமும் தொய்ந்து, ஆள் மேல் ஆள் முட்டி, சதுரம் கொழகொழத்துப் போயிற்று. டீச்சர் விசில் ஊதினார். கண் கட்டுகளை அவிழ்த்தார்கள். உயரமான பெண் குழாயடிக்குப் போனாள்.

டீச்சர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். வாளியை உருட்டவில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடக்க, அவர் நடந்து வந்து வட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு முதல்ல நான் சொல்றேன்" என்றார். குழாயடி வரைக்கும் கேட்கும்படிதான் பேசினார், ஆனால் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "என்ன நடந்துச்சுன்னா, ஒருத்தர் எங்கிட்ட நம்பிச் சொன்னத, அவங்களக் கேக்காம எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சேன். பெரிய டீச்சர் பார்க்கிறாங்க, நல்ல பேரு வாங்கணும்னு."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில், பழக்கமே கைகொடுத்தது. செப்டம்பர்காரப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"அன்னைக்கு சந்தோஷமா இருந்துச்சு" என்றார் டீச்சர். "அதுதான் கேவலம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு இடம் காலியாச்சு. அதைப் பார்க்கும்போதெல்லாம் வலிக்குது. தப்பு என்னோடது. மன்னிப்புக் கேக்கறேன். அவ வந்து உக்காரணும்னு கேக்கல. அது அவ இஷ்டம்."

டீச்சரின் கை தானாக ஷூ நாடாவுக்குப் போனது. பாதியில் நின்று, முழங்காலுக்கே திரும்பி வந்தது. இது மற்றவர்களின் மௌனம் இல்லை, தன்னுடையது; கட்டி அவிழ்த்துக் கடத்திவிட முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"நானும் கேட்டேன் டீச்சர்" என்றான் துடுக்குப் பையன், காதெல்லாம் சிவந்து. "தேடினது கெடச்சுதான்னு. சிரிப்பாங்கன்னுதான் கேட்டேன். சிரிச்சாங்க. அப்புறம் எனக்கு சாப்பாடு எறங்கல."

குழாய் மூடும் சத்தம் கேட்டது. டீச்சர் திரும்பவில்லை. ஈரக் கால்கள் மண்ணில் நடந்து வந்து, காலியிடத்தின் பின்னால் நின்றன. கொஞ்ச நேரம் நின்றே இருந்தன. பிறகு உயரமான பெண் உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"நாலாவது மூலையில கயித்த விட்டது நான்தான்" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "கை தவறி விடல. வேணும்னுதான் விட்டேன். யாராவது என்னைத் தேடறாங்களான்னு பார்த்தேன்."

"நான் தேடினேன்" என்றான் துடுக்குப் பையன் சட்டென்று. "எனக்கு அடுத்து நீதான நின்னுக்கிட்டு இருந்தே. கயிறு லூசானதும் கைய நீட்டி நீட்டித் தேடினேன். கடைசில டீச்சரோட வாளியத்தான் கட்டிப் பிடிச்சேன்."

வட்டம் குலுங்கிச் சிரித்தது. இந்தச் சிரிப்பில் உயரமான பெண்ணும் இருந்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. எதையோ சொல்ல வாயெடுத்து, அடக்கி, மறுபடி மூச்சை இழுத்தாள். டீச்சரின் நாக்கு நுனி வரை அந்த ஒரு சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினார்.

மணி அடித்தது.

படியில் நின்றிருந்த கணக்கு வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார், சாக்பீஸ் டப்பாவைக் கைமாற்றினார், தொண்டையைச் செருமினார். வாக்குக் கொடுத்த ஒரு நிமிஷமும் தாண்டியது. படியிறங்கி மைதானத்துக்குள் காலடி வைத்து, "மேடம்" என்றார்.

டீச்சர் அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கையை மட்டும் தோளுக்குப் பின்னால் தூக்கி, உள்ளங்கையை அவர் பக்கம் விரித்து, அப்படியே பிடித்துக்கொண்டார்.